காவேரிப்பாக்கம் ஏரியில் 11 ஞாயிறு

கருப்பு வெள்ளை மீன்கொத்தி மீனோடு தண்ணீரிலிருந்து எழும் படம் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. முழு உடம்பும் தண்ணீருக்கு மேலே வந்து, இறக்கைகள் பின்னால் வளைந்திருக்க, அலகின் குறுக்கே ஒரு கெண்டைக் குஞ்சு. வால் நுனியிலிருந்து தண்ணீர் நூல் மாதிரி இறங்கி ஏரியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் பறவையின் கண்ணோடு மீனின் கண்ணும் தெரிகிறது. மார்பில் இரண்டு கருப்புப் பட்டை, அதனால் ஆண். இடது இறக்கை நுனி படத்துக்கு வெளியே போய்விட்டது. அது ஒன்றுதான் உறுத்துகிறது.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் நின்று சிறகடிக்கும் படம், பறவைகளைப் படம் எடுக்கும் நம் எல்லாரிடமும் இருக்கும். என்னிடமே 200க்கு மேல் இருக்கிறது. அது நிற்கும் பறவை, நிதானமாக எடுக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அதற்கு அடுத்த சில நொடிகள். அதற்காக 11 ஞாயிறு, காட்பாடியிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி, காவேரிப்பாக்கம் ஏரிக் கரைக்குப் போனேன். மூன்றாம் நந்திவர்மன் காலத்துப் பல்லவர் ஏரி. 2019ல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து ராணிப்பேட்டைக் கணக்கு. எங்களுக்கு அது வடஆற்காட்டு ஏரிதான்.

முதல் 6 ஞாயிறும் பறவையைத் துரத்தியே போயின. அது ஏன் நடக்காது என்பதை ஒருநாள் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. 5 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல்லைப் போட்டால் தண்ணீரைத் தொட ஒரு வினாடி ஆகும். தொடும்போது வேகம் வினாடிக்குச் சுமார் 10 மீட்டர். என் நிக்கான் டி7200 வினாடிக்கு 6 படம் எடுக்கும். அப்படியென்றால் கடைசிக் கட்டத்தில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் பறவை ஒன்றரை மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. ஷட்டர் வினாடியில் 1/1000 பங்கு திறந்திருந்தால் அந்த நேரத்துக்குள்ளேயே ஒரு சென்டிமீட்டர் நகரும், கண்ணும் அலகும் கலைந்துபோகும். 1/3200ல் 3 மில்லிமீட்டர், அது பரவாயில்லை. ஆக ஷட்டரை ஒழுங்குபடுத்திவிடலாம். ஃபோகஸ்தான் கழுத்தை அறுத்தது. பறவை பாயத் தொடங்கியதும் ஃபோகஸ் அதை விட்டுவிட்டுப் பின்னால் மினுக்கும் அலையைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் அலை பளிச்சென்று, பறவை ஒரு கருப்புக் கறையாக.

நடுவில் மெமரி கார்டையும் சொல்லிவிடுகிறேன். மலிவாகக் கிடைத்தது என்று ஒரு கார்டு வாங்கினேன். எழுதி முடிக்க அது எடுத்துக்கொண்ட நேரத்தில் பறவை இரண்டு முறை பாய்ந்துவிட்டது. இதே கேமரா வைத்திருப்பவர்கள் ராவை, அதாவது கேமரா பதியும் மூலப் படக் கோப்பை, 14 பிட்டிலிருந்து 12 பிட்டுக்கு மாற்றிப் பாருங்கள். தொடர்ந்து எடுக்கும்போது 18 படத்தில் மூச்சுத் திணறுவது 27 வரை போகிறது. கூடுதலாக 9 படம். இந்த வேலைக்கு அது பெரிய சொத்து.

மதகுச் சுவரில் லென்ஸை வைக்க ஒரு மூட்டையும் தைத்தேன். 200-500 மி.மீ. லென்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருக்க முடியாது. ஆம்பூரில் ஷூவுக்கு வெட்டியது போக மிஞ்சிய தோல் துண்டுகளை எடைக்கு வாங்கி, பை தைப்பவரிடம் கொடுத்துச் செய்தது. முதலில் பச்சரிசி போட்டேன், பனியில் நனைந்து முடைநாற்றம் வந்துவிட்டது. இப்போது வறுத்த புளியங்கொட்டை. வேலூர் மார்க்கெட்டில் புளி மண்டிக்காரர்களிடம் கேட்டால் சல்லிசாகத் தருகிறார்கள். லென்ஸின் உருண்டைக்கு ஏற்ற மாதிரி கொட்டைகள் விலகி இடம் கொடுக்கின்றன, அப்புறம் அசைவதே இல்லை. கடையில் விற்கும் எந்த மூட்டையையும் விட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

7வது ஞாயிறு, வலை கட்ட வந்த அண்ணன் ஒருவர் என் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். “இன்னா தம்பி, நீ குருவியப் பாக்குற. அது மீனப் பாக்குது. நீயும் மீனப் பாரேன்” என்றார். அவர் வலை கட்டும் இரண்டு மூங்கில் கழிகள் கரையிலிருந்து 20 மீட்டரில் நிற்கின்றன. காலையில் குஞ்சு மீன்கள் அந்தப் பக்கம்தான் கூடும், பறவையும் பெரும்பாலும் அங்கேயேதான் பாயும் என்று கையைக் காட்டினார். நான் 6 வாரமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் அவர் தண்ணீரைப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தப் படத்தின் பெரிய பிரிண்ட் ஒன்று கொடுக்கப் போகிறேன்.

அன்றிலிருந்து முறையை மாற்றினேன். வெறும் தண்ணீரில் ஃபோகஸ் நிற்காது, அதனால் மூங்கில் கழியின் கணுவில் ஃபோகஸை வைத்துவிட்டு, ஃபோகஸ் பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிடுவேன். அதன் பிறகு ஃபோகஸைத் தொடுவதே இல்லை. லென்ஸின் துளை எஃப் 5.6ல் இருந்தால் அந்தத் தூரத்துக்குத் தெளிவாக விழும் ஆழம் ஒரு முழம்கூட இல்லை. துளையைச் சிறிதாக்கி எஃப் 8 வைத்தால் அரை மீட்டர் கிடைக்கிறது, வெளிச்சம் குறைவதால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) ஏறினால் ஏறட்டும். வலது கண் வியூஃபைண்டரில், கழிகளுக்கு நடுவே உள்ள தண்ணீர்மேல். இடது கண் திறந்தபடி மேலே பறவையைப் பார்க்கும். இது பழக இரண்டு ஞாயிறு பிடித்தது, தலைவலியும் வந்தது. பறவை உள்ளே போகும் நொடியை விட்டுவிடுவேன். தண்ணீர் தெறித்ததும் அழுத்துவேன். கண் பார்த்து விரல் அசைவதற்குள் கால் வினாடி போய்விடும், ஆனால் மூழ்கியது திரும்ப எழ வேண்டுமே, அந்த அவகாசம் நமக்குப் போதும்.

போன ஞாயிறு காலை 7.10க்கு எடுத்த வரிசையில் மூன்றாவது படத்தில் வெறும் நீர்த்துளிக் கிரீடம். நான்காவதில் பறவை. ஐந்தாவதில் வால் மட்டும்.

காட்டுயிர்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொண்டேன். பல உறுப்புகளை ஒட்டுப்போட்டு உருவாக்கிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்து, கருப்பு வெள்ளையில் காட்டு யானைகளை எடுத்தவர். வினாடிக்கு 6 படம் என்ற வசதி அவருக்குக் கிடையாது. மிருகம் அடுத்து என்ன செய்யும் என்பது தெரிந்திருந்தது.

இதே முறையை எருது விடும் விழாவிலும் முயன்று பார்க்கப் போகிறேன். காளையைத் துரத்தினால் எப்போதும் பின்பக்கம்தான் கிடைக்கிறது. ஓட்டம் முடியும் கோட்டில் ஃபோகஸை வைத்துவிட்டு, கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிடும் அந்த நொடிக்குக் காத்திருக்க வேண்டும். காளையை விட அந்த முகங்கள்தான் எனக்கு வேண்டும். மயானக் கொள்ளைத் திருவிழா அன்று பாலாற்றங்கரையில் என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை, அங்கே தூசி அதிகம்.

அதற்கு முன்னால் ஏரி வேலை பாக்கி இருக்கிறது. அலகு நுனி மட்டும் தண்ணீரைத் தொட்டு, உடம்பு முழுக்க மேலேயே நிற்கும் படம் இன்னும் என்னிடம் இல்லை. மதகைத் திறந்து பாசனத்துக்கு விட்டுக்கொண்டிருக்கிறார்கள். கழிகள் நிற்கும் இடத்தில் இன்னும் மூன்று வாரம் தண்ணீர் இருக்கும் என்கிறார் அண்ணன். லென்ஸைக் கொஞ்சம் பின்வாங்கி 400 மி.மீ.ல் வைத்தால் இறக்கை நுனியும் வெட்டுப்படாது. மூட்டைக்கு இன்னும் கால் கிலோ புளியங்கொட்டை வறுக்க வேண்டும்.