கடலைக் குடிக்கிற நாட்டில்

சவூதியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் எங்கள் ஊரில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "அவ்வளவு உப்பையும் எப்படி எடுப்பீர்கள்?" வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் கேட்பார்கள். பொதுக்குழாயடியில் குடத்தோடு நிற்கும் மைனிமார் கேட்பார்கள். பொறியியல் படிக்கும் பிள்ளைகளும் அதையேதான் கேட்பார்கள். உப்பை எடுக்க வழி கண்டுபிடித்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எங்களை ராப்பகலாகக் கண் அயரவிடாமல் வைத்திருந்தது உப்போடு சேர்ந்து வரும் மற்றவைதான். பாசி, சேறு, எண்ணெய்ப் படலம், செத்த சொறிமீன், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். கடல் சுத்தமாக இருந்தால் ஆலை ஓடும். கடல் கெட்டால் ஆலை நிற்கும். இதை நம் கரையில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருந்தது ஜுபைல். சவூதியின் கிழக்குக் கரையில், வளைகுடாவை ஒட்டிய தொழில் நகரம். அந்த நாட்டில் ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவனுக்கு இது முதலில் மனதில் ஏறாது. நமக்குக் குழித்துறையாறு இருக்கிறது, வள்ளியாறு இருக்கிறது, பழையாறு இருக்கிறது, அதுபோக ஊருக்கு ஊர் குளம். ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. அங்கே மழை பெய்தால் அது பேசிக்கொள்ளும் செய்தி. நிலத்துக்கு அடியில் இருப்பது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பெய்த மழைநீர். இறைத்துவிட்டால் மீண்டும் ஊறாது. 1980களில் அதை இறைத்துத்தான் பாலைவனத்தில் கோதுமை விளைவித்தார்கள். பிறகு அரசே அந்த விவசாயத்தைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தது.

குவைத்தின் பழைய கதை இன்னும் கடினமானது. எண்ணெய்க் காலத்துக்கு முன்பு, ஈராக்கின் ஷத்துல் அரப் ஆற்றிலிருந்து மரக்கலங்களில் குடிநீர் ஏற்றி வந்து விற்றார்கள். முத்துக் குளிக்கவும் வணிகத்துக்கும் ஓடிய கலங்கள் தண்ணீருக்கும் ஓடின. 1950களின் தொடக்கத்தில் அங்கே கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் ஆலை வந்தது. நகரத்தின் அடையாளமாகப் படத்தில் பார்க்கிறோமே, நீல உருண்டைகள் கோத்த கோபுரங்கள், அவற்றில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள்தான்.

காய்ச்சி வடிப்பது பழைய முறை. கடல்நீரை 90 முதல் 110 டிகிரி வரை சூடாக்கி, வரிசையாக இருக்கும் அறைகளுக்குள் விடுவார்கள். ஒவ்வொரு அறையிலும் அழுத்தம் முந்தையதைவிடக் குறைவு. உள்ளே நுழைந்ததும் நீரில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகும். அந்த ஆவி குளிர்ந்த குழாய்களில் பட்டு வடியும். மின் நிலையத்தின் மிச்ச நீராவியை இதற்குப் பயன்படுத்துவதால் மின் நிலையமும் தண்ணீர் ஆலையும் ஒரே வளாகத்தில் இருக்கும். எண்ணெயும் எரிவாயுவும் மலிவாகக் கிடைக்கிற இடத்தில்தான் இது கட்டுப்படியாகும்.

இன்று பெரும்பாலும் கட்டுவது ஆர்.ஓ. ஆலைகளைத்தான், அதாவது கடல்நீரைச் சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கிறவை. 1960 வாக்கில் கலிபோர்னியாவில் சிட்னி லோப், ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்ற இருவர் சேர்ந்து, உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் போதுமான வேகத்தில் விடுகிற சவ்வைச் செய்தார்கள். சௌரிராஜன் இந்தியாவில் பிறந்தவர். உலகத்தில் இத்தனை கோடிப் பேர் குடிக்கும் தண்ணீருக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

சவ்வின் வேலை இதுதான். கடல்நீரைச் சுமார் 60 பார் அழுத்தத்தில் அதன்மேல் செலுத்த வேண்டும். கடலுக்குள் 600 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அது. தண்ணீர் சவ்வைத் தாண்டும், உப்பு தங்கிவிடும். வெளியேறும் உப்புக் கழிவுநீரிலும் பெரும் அழுத்தம் மிச்சம் இருக்குமல்லவா? அதை வீணாக்காமல் பிடித்து, புதிதாக வரும் கடல்நீரைத் தள்ளப் பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலும் இந்த ஏற்பாட்டால்தான் ஆயிரம் லிட்டர் குடிநீருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரத்தோடு இப்போது முடிகிறது.

என் வேலை லேபில். ஷிப்டுக்கு ஷிப்ட் நான் செய்த முக்கியமான சோதனைக்கு எஸ்.டி.ஐ. என்று பெயர். சவ்வுக்குப் போகும் நீரில் எவ்வளவு அழுக்கு மிச்சம் இருக்கிறது என்று சொல்லும் எண். உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டமான வெள்ளை வடிதாள் ஒன்று இருக்கும். அதன் துளைகள் 0.45 மைக்ரான். அதைப் பிடிப்பானில் சுருக்கம் விழாமல் வைத்து, அழுத்தத்தை 30 பி.எஸ்.ஐ.யில் நிறுத்தி, தண்ணீரைத் திறக்க வேண்டும். 500 மில்லி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொள்வோம். பிறகு 15 நிமிடம் அப்படியே ஓடவிட்டு, மறுபடி 500 மில்லி பிடிப்போம். முதலில் 30 வினாடியில் நிறைந்தது இப்போது 40 வினாடி எடுத்தால் எண் 1.7 வரும்; நிம்மதி. 60 வினாடி எடுத்தால் 3.3, மேலே போன் செய்ய வேண்டும். 5ஐத் தொட்டால் அந்த நீரைச் சவ்வுக்கே அனுப்பக் கூடாது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் கொல்லத்துக்காரர். எல்லாருக்கும் அவர் சேட்டன். "எண்ணைப் பிறகு பார், முதலில் தாளைப் பார்" என்பார். சோதனை முடிந்த தாளை எடுத்து உலர்த்தி, தேதியும் நேரமும் எழுதி, பதிவேட்டில் ஒட்டி வைப்போம். பக்கத்தைப் புரட்டினால் கடலின் உடல்நிலை முழுவதும் தெரியும். வெளிர் மஞ்சள் என்றால் வழக்கம்போல. செம்பழுப்பு என்றால் எங்கோ குழாயில் துரு. பச்சை தட்டினால் வெளியே பாசி பெருகுகிறது. தாளை முகர்ந்தும் பார்ப்பார் சேட்டன். மீன் கெட்ட வாடை லேசாக வந்தால்கூட உடனே கடல்நீர் எடுக்கும் முகப்புக்கு ஆளை அனுப்பிவிடுவார். அந்தப் பதிவேட்டைப்போல நேர்மையான கணக்குப் புத்தகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நம் கரையில் பாறைகளில் பெயர்த்து எடுத்து விற்கும் சிப்பிக்கு எவ்வளவு மதிப்பு! அங்கே அதுபோன்ற சிப்பிகள் குழாய்க்குள் ஒட்டிக்கொண்டு வளர்ந்து வழியை அடைக்கும். அதைத் தடுக்கக் குளோரின் சேர்க்க வேண்டும். குளோரின் சவ்வை அரித்துவிடும் என்பதால், சவ்வுக்கு முன்பு அதை முழுவதும் முறிக்க வேறொரு மருந்து சேர்க்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று, அதைச் சரிசெய்ய மற்றொன்று. கடைசியில் கிடைக்கும் நீரில் தாது அநேகமாக இராது. அப்படியே விட்டால் குழாயையே தின்னும். சுண்ணாம்புக்கல் வழியாகச் செலுத்தித்தான் ஊருக்கு அனுப்புவார்கள். அந்த ருசியே அதற்குப் பிறகு சேர்ப்பதுதான்.

கடல் முற்றிலும் கைவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. 1991 போரில் கடலில் கொட்டப்பட்ட கச்சா எண்ணெய் ஜுபைலை நோக்கி வந்தபோது, ஆலைகள் கடல்நீர் எடுக்கும் வாயில்களை மிதவைத் தடுப்புகள் கட்டிக் காத்தார்கள். 2008 இறுதியிலும் 2009லும் சிவப்புப் பாசி வளைகுடாவில் பெருகி, அமீரகத்திலும் ஓமானிலும் சில ஆலைகள் நிறுத்தப்பட்டன. இயந்திரத்தில் ஒரு பழுதும் இல்லை. தண்ணீர்தான் எடுக்க முடியவில்லை.

அதனால் சேமிப்புக்கு அங்கே அவ்வளவு மரியாதை. கத்தார் ஏழு நாள் தேவையைத் தாங்கும் கணக்கில் பிரம்மாண்டமான கான்கிரீட் தொட்டிகள் கட்டியது. அபுதாபி, லிவா பாலைவனத்தின் மணலுக்கு அடியில் 2 கோடியே 60 லட்சம் கனமீட்டர் குடிநீரைச் செலுத்தி வைத்திருக்கிறது. உப்பு நீக்கிய கடல்நீரை மணலுக்குள் இறக்கி நிலத்தடி நீராக்கியிருக்கிறார்கள்! குழி தோண்டினால் ஊறுகிற ஊரில் இருந்துகொண்டு நாம் கிணற்றில் குப்பை போடுகிறோம் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ரியாத் 400 கிலோமீட்டருக்கும் அப்பால், கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கரையில் செய்த தண்ணீர் குழாயில் அங்கே ஏறுகிறது. உயரத்துக்கு மட்டும் கணக்கிட்டாலே ஆயிரம் லிட்டருக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல் ஆகும். வேறு வழி இல்லாத நாடு அது, செய்கிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அதே கிழக்குக் கரையில் ராஸ் அல் கைர் என்ற இடத்தில் 2014இல் தொடங்கிய ஆலையின் திறன் ஒரு நாளைக்கு 100 கோடி லிட்டர். அந்த அளவில் ஒரு பணியை ஒழுங்காக நடத்துவது மனிதர்கள் பெருமைப்பட வேண்டிய காரியம்.

இப்போது நம் கரைக்கு வருகிறேன். "நமக்கும் வாசலில் கடல்தானே, இங்கேயும் ஒன்று போட்டால் என்ன?" என்று பக்கத்து வீட்டு மைனி கேட்டார். நியாயமான கேள்வி. சுனாமியில் கிணறுகளில் உப்பு ஏறிய ஊர் நம்முடையது. கூட்டுக் குடிநீர்க் குழாயில் தண்ணீர் வராத நாளில் லாரிக்குக் காத்து நிற்பது அவர்தான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஒரு வீட்டுக்கு நாளைக்கு 500 லிட்டர் என்றால் இரண்டு மாதத்தில் 30,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு மூன்றரை யூனிட் வீதம் 105 யூனிட். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் மின்சாரம் 100 யூனிட். அது முழுவதும் தண்ணீருக்கே போய்விடும். சவ்வு மாற்றும் செலவும் ஆட்களின் சம்பளமும் இதில் சேரவில்லை. சென்னைக்கு இந்தச் செலவு தவிர்க்க முடியாதது. 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோன நகரம் அது. காட்டுப்பள்ளியிலும் நெம்மேலியிலும் ஆலைகள் இருப்பது அங்கே நல்லதுதான். நமக்கோ 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை இருக்கிறது, பெருஞ்சாணி இருக்கிறது, இரண்டு பருவமழை இருக்கிறது. அந்த நீர் கடைமடைக்கும் கடற்கரைக்கும் வந்து சேராதது குழாய், கால்வாய், குளம் இவற்றின் பராமரிப்புக் குறை. அதைக் கடலில் இறங்கித் தீர்க்க வேண்டியதில்லை.

கழிவுநீரையும் மறந்துவிடக் கூடாது. வளைகுடாவில் ஒரு லிட்டர் கடல்நீரில் 40 கிராமுக்கு மேல் உப்பு. நம் கடலில் 35 கிராம் அளவு. அங்கே 100 லிட்டர் எடுத்து 40 லிட்டரை நல்ல நீராக்கினால், மீதி 60 லிட்டர், லிட்டருக்குச் சுமார் 70 கிராம் உப்போடு கடலுக்குத் திரும்பும். அது கனமானது, அடிக்குப் போய்ப் படியும். ஆழத்தில், ஓட்டமுள்ள இடத்தில், பல துளைகள் வழியாகச் சிதறவிட்டால் விரைவில் கலந்துவிடும். கரையோரம் கொட்டினால் சிங்கி இறாலும் சிப்பியும் இருக்கிற பாறைப்பாரில் தங்கும். நம் பக்கம் என்றைக்காவது இப்படி ஓர் ஆலை வருவதாகச் சொன்னால், கழிவுக்குழாய் எத்தனை மீட்டர் உள்ளே போகிறது, அந்த இடத்தில் நீரோட்டம் எப்படி என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் வள்ளத்தில் போகிறவர்கள். அவர்களைக் கேட்காமல் வரைபடம் போடக் கூடாது.

நாகர்கோவிலின் சாக்கடை பழையாற்றில் கலந்து மணக்குடியில் கடலைச் சேர்கிறது. சிறிய ஓடைகள் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக்கும் கோழிக்கழிவும் சுமந்து வருகின்றன. கரையைக் காக்கக் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளுக்கு இடையே அது ஒதுங்கி நாறுவதை நாம் தினமும் பார்க்கிறோம். இந்த நீரில் ஒரு வடிதாளை வைத்தால் என்ன நிறத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். கடலைக் குடிக்கிறவர்கள் கடலில் எதைக் கொட்டுகிறோம் என்று கணக்கு வைக்கிறார்கள். மீனைத் தின்கிற நாமும் வைக்க வேண்டும்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபைக்கு ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். ஊராட்சி எல்லைக்குள் கடலில் சேரும் ஓடைகள் எல்லாவற்றின் வாயிலும் மாதம் ஒருமுறை நீரைச் சோதித்து, முடிவைப் பொதுக்குழாயடிப் பலகையில் ஒட்ட வேண்டும். ஓடை வாயில்களில் கம்பித் தடுப்பு போட வேண்டும். சோதனையைச் செய்ய நான் இருக்கிறேன், சம்பளம் வேண்டாம். மைனி தம் குழுப் பெண்களிடம் கையெழுத்து வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வள்ளக்காரர்கள் சங்கத்தின் ஆதரவும் வேண்டும். இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர்களோடு பேசப் போகிறேன்.