பவர் விளக்கு எரியாத பழைய கேம் கன்சோல்: 5 வோல்ட்டைத் தேடிப் போவது எப்படி

"ஆன் ஆகவில்லை" என்று சொல்லி விற்கப்படும் பழைய கன்சோல்களில் பெரும்பாலானவற்றுக்குச் சிப் சாகவில்லை. சுவரிலிருந்து சிப் வரை கரண்ட் வரும் வழியில் எங்கோ ஒரு இடம் அறுந்திருக்கும், அவ்வளவுதான். அதைத் தேட ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். எந்த இடத்தில் வோல்டேஜ் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. அதற்கு முன்னால் எந்தப் பாகத்தையும் கழற்றி மாற்றாதீர்கள்.

கன்சோலோடு வந்த அடாப்டரைச் சரிபார்க்காமல் சொருகவே கூடாது. பழைய நிண்டெண்டோ என்இஎஸ் அடாப்டர் 9 வோல்ட் ஏசி தருகிறது. அந்தக் கன்சோலுக்குள்ளேயே ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக மாற்றும் பாகம்) இருப்பதால் அதற்கு ஏசியே போதும். ஆனால் 1983-இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாமுக்கு (என்இஎஸ்ஸின் ஜப்பானிய வடிவம்) 10 வோல்ட் டிசி வேண்டும், பின்னின் நடுமுனை மைனஸ். இரண்டு அடாப்டரின் சொருகும் பின்னும் ஒரே அளவு. என்இஎஸ் அடாப்டரை ஃபேமிகாமில் சொருகினால் ஏசி நேராக ரெகுலேட்டருக்கு (வோல்டேஜைச் சிப்புக்கு வேண்டிய 5-க்குக் குறைத்து நிலையாக வைக்கும் பாகம்) போகும், கன்சோல் சேதமாகும். சேகாவின் மெகா டிரைவ் கன்சோலிலும் இந்தச் சிக்கல் உண்டு. முதல் மாடலுக்கு நடுமுனை மைனஸ், இரண்டாம் மாடலுக்கு நடுமுனை ப்ளஸ். பின்னின் அளவும் வேறு என்பதால் தப்பிக்கிறோம். பல முனை கொண்ட யுனிவர்சல் அடாப்டர் வாங்கியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. கன்சோலின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளையும் அடாப்டர் லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வோல்டேஜ், ஏசியா டிசியா, முனை, ஆம்பியர் நான்கையும் ஒப்பிடுங்கள். ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய டிசி அடாப்டரைத் தனியாக அளந்தால் 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் 12, 13 காட்டும். பயப்பட வேண்டாம், லோடு இல்லாதபோது, அதாவது கரண்டை இழுக்க எதுவும் இணைக்காதபோது, அது அப்படித்தான். ஆனால் தனியாக அளந்து நல்ல எண் வந்தது என்பதற்காக அடாப்டர் நல்லது என்று முடிவு கட்டவும் முடியாது. 22 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை அதன் குறுக்கே சில நொடி மட்டும் வைத்து அளங்கள் (ரெசிஸ்டர் சுடும், விரலால் பிடிக்காதீர்கள்). 9 வோல்ட் அடாப்டர் அந்த நிலையில் 5, 6-க்குச் சரிந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

அடாப்டர் சரி என்றால் கன்சோலைத் திறக்கலாம். சூப்பர் நிண்டெண்டோ, நிண்டெண்டோ 64 இரண்டுக்கும் 4.5 மில்லிமீட்டர் கேம்பிட் (இந்தக் கன்சோல்களின் ஸ்க்ரூவுக்கான தனி ஸ்க்ரூடிரைவர் முனை) தேவை. அதை வாங்கிவிடுங்கள். உருக்கிய பேனா முனையால் திருகினால் ஸ்க்ரூவின் தலையும் போகும், பொறுமையும் போகும்.

மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் (போர்டின் மைனஸ் பக்கம்) வைத்துக்கொண்டு சிவப்பு முனையை ஜாக் (அடாப்டர் சொருகும் துளை), ஃபியூஸ், சுவிட்ச், ரெகுலேட்டரின் உள்ளே வரும் கால், வெளியே போகும் கால் என்று நகர்த்துங்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது ஜாக்கை. முப்பது ஆண்டாக வயரை இழுத்து இழுத்து அதன் கால்களைச் சுற்றியுள்ள ஈயம் விரிசல் விட்டிருக்கும். போர்டைத் திருப்பிப் போட்டு, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து லென்ஸ் வழியாகப் பாருங்கள். நல்ல இணைப்பு சின்னக் கூம்பு போலப் பளபளவென்று கால்வரை ஏறியிருக்கும். விரிசல் விட்டதில் காலைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரியும். பின்னை லேசாக ஆட்டினால் கால் மட்டும் அசையும், ஈயம் அசையாது. அதன்மேல் புது ஈயத்தை அப்பி விடாதீர்கள். பழையதை உறிஞ்சி எடுத்து, ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) தடவி, 350 டிகிரி செல்சியஸில் புதிதாக வையுங்கள்.

சூப்பர் நிண்டெண்டோவில் அடுத்தது ஃபியூஸ்: எஃப்1 என்று எழுதிய, ரெசிஸ்டர் போன்ற சின்ன உருளை, 1.5 ஆம்பியர். தவறான முனை கொண்ட அடாப்டரைச் சொருகினால் முதலில் போவது இதுதான். அதன் இடத்தில் வயரைப் போட்டு இணைத்தால் அடுத்த தவறுக்குப் போர்டே ஃபியூஸாகிவிடும். அதே மதிப்பில் புது ஃபியூஸ் போடுங்கள்.

இனி 7805. அக்காலக் கார்ட்ரிட்ஜ் கன்சோல்கள் பலவற்றின் இதயம் இந்த மூன்று கால் ரெகுலேட்டர்தான். எழுத்து நம் பக்கம் இருக்கும்படி பார்த்தால் இடது கால் உள்ளே, நடுக்கால் கிரவுண்ட், வலது கால் வெளியே. வெளியே 4.8 முதல் 5.2 வோல்ட் வரை இருக்க வேண்டும். அதற்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட் வந்தாக வேண்டும். மெகா டிரைவ் முதல் மாடலில் இது இரண்டு இருக்கிறது, இரண்டையும் அளங்கள்.

உள்ளே 9 இருக்கிறது, வெளியே 0 என்றால் உடனே ரெகுலேட்டரைக் குறை சொல்லிவிட வேண்டாம். அடாப்டரைப் பிடுங்கிவிட்டு வெளியே போகும் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம் அளங்கள். 1, 2 ஓம் மட்டும் காட்டினால் போர்டில் ஷார்ட் இருக்கக்கூடும். உறுதி செய்ய அந்த வலது காலை மட்டும் கழற்றித் தூக்கிவிட்டு மறுபடி பவர் கொடுங்கள். தூக்கிய காலில் 5 வோல்ட் வந்துவிட்டால் ரெகுலேட்டர் பிழைத்திருக்கிறது, ஷார்ட்தான் அதை அழுத்திக்கொண்டிருந்தது. அப்போதும் 0 என்றால் மாற்றிவிடலாம். புதியதை ஹீட்சிங்கில் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) பேஸ்ட் தடவி இறுக்கித் திருகுங்கள். இந்தத் திருகை விட்டுவிட்டால் பத்து நிமிடத்தில் சூடேறி அது தானே அணைந்துகொள்ளும்.

மீட்டரை ஏமாற்றும் கோளாறு ஒன்று உண்டு. என்இஎஸ்ஸில் ரெகுலேட்டருக்கு முன்னால் இருக்கும் பெரிய கபாசிட்டர் (மின்சாரத்தைச் சேமித்து வோல்டேஜைச் சீராக்கும் பாகம்) காய்ந்துபோனால், உள்ளே வரும் வோல்டேஜ் சீராக இல்லாமல் நொடிக்கு 100 அல்லது 120 முறை மேலும் கீழும் போகும். மீட்டர் அதன் சராசரியை 8 என்று காட்டும். பள்ளங்களில் 7-க்குக் கீழே இறங்குவது தெரியாது. மீட்டரை ஏசிக்கு மாற்றி அதே காலில் வையுங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் தெரிந்தால் கபாசிட்டரை மாற்ற வேண்டும். அதே கொள்ளளவு, அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி தாங்கும் வகை.

விளக்கு நொடிக்கு ஒரு முறை கண் சிமிட்டும் என்இஎஸ்ஸுக்குப் பவரில் குறையே இல்லை. கார்ட்ரிட்ஜ் அசலா என்று சோதிக்கும் பூட்டுச் சிப், கார்ட்ரிட்ஜில் உள்ள தன் ஜோடியோடு பேச முடியாமல் கன்சோலை ரீசெட் செய்துகொண்டே இருக்கிறது. கார்ட்ரிட்ஜின் முனைகளையும் 72 பின் கனெக்டரையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். நிண்டெண்டோ 64-இல் விளக்கு எரிந்தும் திரை கறுப்பாக இருந்தால், முன்பக்க மூடியைத் திறந்து ஜம்பர் பேக் (அங்கே சொருகியிருக்க வேண்டிய சின்னப் பெட்டி) இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் அந்தக் கன்சோல் ஓடாது. விற்பவர்கள் அதைத் தொலைத்துவிட்டு "டெட்" என்று எழுதிவிடுகிறார்கள்.

கைக்கன்சோல்களில் பாட்டரி ஒழுகல்தான் முதல் எதிரி. கேம் பாயின் கம்பிச் சுருளில் வெள்ளைப் படிகம் தெரிந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் கரைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்து உலர்த்துங்கள். சுவிட்ச் இடுக்கில் இரண்டு சொட்டு ஆல்கஹால் விட்டு, பாட்டரி இல்லாமல் 30 முறை தள்ளுங்கள். பலவற்றுக்கு இதுவே மருந்து. சேகாவின் கைக்கன்சோலான கேம் கியரில் விளக்கு எரிந்து சில நொடியில் அணைந்தால், பெரும்பாலும் ஒழுகிய கபாசிட்டர்தான். போர்டை முகர்ந்தால் மீன் வாடை அடிக்கும். அதில் பவர் போர்டு தனியாக இருப்பதால் அங்கேயிருந்து தொடங்குங்கள்.

2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள், நன்றாக ஓடினாலும் திறந்து பாருங்கள். 1.6-க்கு முந்தைய போர்டுகளில் கடிகாரத்துக்கான கபாசிட்டர் ஒழுகிப் பக்கத்துத் தடங்களை அரித்துவிடும். பிறகு பவர் பட்டனை அழுத்தினாலும் எழுந்திருக்காது, அல்லது தொடாமலே எழுந்துகொள்ளும். அதை எடுத்துவிட்டால் நேரம் மட்டும்தான் மறந்துபோகும்.

எக்ஸ்பாக்ஸ், ப்ளேஸ்டேஷன், டிரீம்காஸ்ட் போன்றவற்றில் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கபாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ் தங்கியிருக்கலாம். அளந்து 0 என்று உறுதிசெய்யாமல் கை வைக்காதீர்கள்.

சரியான பிறகு மூடியைத் திருகுவதற்கு முன் ஒரு கேமைப் போட்டு அரைமணி நேரம் ஓடவிட்டு, 7805-இன் வெளிக்காலை மறுபடி அளங்கள். குளிர்ந்தபோது 5.0 இருந்து சூடானதும் 4.7-க்கு இறங்கினால், ஹீட்சிங்க் திருகையும் ஜாக்கில் வைத்த ஈயத்தையும் இன்னொரு முறை பார்த்துவிட்டு மூடுங்கள்.