மாத்திரையா, கீரையா, டீயா?

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8 என்று குறைவாக வந்ததும், இரும்புச்சத்து மாத்திரை போடலாமா, இல்லை கீரையும் ராகிக் களியும் போதுமா என்று ஒரு வாரம் குழம்பினேன். கீரையிலும் ராகியிலும் இரும்பு இருக்கிறது, ஆனால் உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும், அந்தக் கொஞ்சத்தையும் சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீ தடுத்துவிடும். கோத்தகிரிக் குளிரில் நாளைக்கு ஆறு டீ குடிக்கிறவளிடம் சொல்கிற சேதியா இது?

சரி, டாக்டர் சொன்னபடி மாத்திரை போடுகிறேன், டீயை ஒன்றரை மணி நேரம் தள்ளிவிட்டேன், சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் (வைட்டமின் சி இருந்தால் இரும்பு நன்றாக ஏறும்). பக்கத்து வீட்டு அக்கா நீட்டிய மல்டிவைட்டமின் டப்பாவைத் திறக்கவில்லை. அதிலுள்ள கால்சியம் இரும்போடு மல்லுக்கட்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். அதுவரை என் நாலு மணி டீயில் மட்டும் யாரும் கைவைக்க வேண்டாம்.