“நல்லாப் பாத்துக்கிடுறான்” என்ற பதிலுக்குப் பின்னால்

தென் மாவட்டக் கிராமங்களில் முதியோரிடம் “உங்களை யாராவது கொடுமைப்படுத்துறாங்களா?” என்று நேராகக் கேட்கும் படிவத்தால் பயனில்லை. “இல்ல, எம்மவன் நல்லாப் பாத்துக்கிடுறான்” என்றுதான் பதில் வரும். அது பொய்யும் அல்ல. அடிப்பதும் வீட்டை விட்டுத் துரத்துவதும்தான் அவர்கள் கணக்கில் கொடுமை. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வரும் பாஸ்புக்கை மகன் வைத்திருப்பதோ, கண்புரை அறுவை சிகிச்சையை ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போடுவதோ அந்தக் கணக்கில் சேராது. “அவனுக்கும் ஆயிரம் கஷ்டம்” என்று அவர்களே சமாதானம் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் படிவத்தில் இடமே இல்லாத சில விஷயங்களைச் சொல்லும்போது குரல் உடைகிறது. சோற்றுத் தட்டை எட்ட நின்று தள்ளிவிட்டுப் போவது. பேரப்பிள்ளையைப் பக்கத்தில் அண்ட விடாதது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு எல்லோரும் கிளம்பும்போது “நீங்க வீட்டப் பாத்துக்கிடுங்க” என்று விட்டுச் செல்வது. மூன்று வேளையும் சாப்பாடு கிடைக்கிற வீட்டில்கூட மரியாதைக் குறைவைத்தான் அவர்கள் பெரிய அநியாயமாகச் சொல்கிறார்கள். இதைக் கேட்டுக்கொள்ளாமல் பசியையும் காயத்தையும் மட்டும் தேடுகிறவர்களுக்குப் பாதி உண்மைதான் கிடைக்கும்.

பெற்றோரைப் பிள்ளைகள் மாத முறை வைத்துக்கொள்வதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் இதை நியாயமான ஏற்பாடாகவே பார்க்கிறார்கள், தீர்த்துவைப்பவர்களும் அவர்களே. சிக்கல் முறை மாறும் நாளில் வருகிறது. முதல் தேதி மூட்டையோடு அனுப்பிவிடுவார்கள். அடுத்த மகன் வீடு பூட்டியிருக்கும். காய்ச்சல் யார் முறையில் வந்தது, ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று தகராறு முளைக்கும். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குத் தாய், ஆடுமாடு இருக்கும் வீட்டுக்குத் தகப்பன் என்று பிரித்துவிடுவதும் உண்டு. ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களை அப்படிப் பிரிப்பதைச் சட்டமும் படிவமும் கண்டுகொள்வதில்லை. பெரியவர்கள் அதை “உசுரோட அறுத்துப் போட்டுட்டாங்க” என்கிறார்கள். முறைப் பேச்சு நடந்தால் இருவரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும், மருத்துவச் செலவு பொதுவில் சேர வேண்டும், இந்த இரண்டையும் எழுதி வாங்கிவிடுங்கள்.

சின்ன ஊரில் ரகசியம் நிற்காது. ஊராட்சித் தலைவர் பங்காளியாக இருப்பார், சுகாதாரப் பணியாளர் மருமகளின் சிநேகிதியாக இருப்பார். திண்ணையில் கேட்டது சாயங்காலத்துக்குள் மகன் காதுக்குப் போய்விடும், ராத்திரி ஏச்சு விழும். அதனால் வீட்டு வாசலில் கேட்கவே கூடாது. ரேஷன் கடை வரிசை, நூறு நாள் வேலை நடக்கும் இடம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவை பரவாயில்லை. கேள்வியும் சுற்றி வர வேண்டும்: காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், பணம் எடுக்கக் கைரேகை வைத்தீர்களே, எவ்வளவு கையில் கொடுத்தார்கள், எங்கே படுக்கிறீர்கள்?

மாத்திரை அட்டையும் பேசும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் சர்க்கரை மாத்திரை மாதக் கடைசியில் பாதி மிச்சம் இருந்தால் மறதி என்று எழுதிவிடாதீர்கள். பதினோரு மணி வரை சாப்பாடு கிடைக்காத வீட்டில், வெறும் வயிற்றில் மயக்கம் வருமென்று பயந்து மாத்திரையை விட்டிருப்பார்கள்.

விருதுநகர் வட்டாரத்தில் தலைக்கூத்தல் என்று ஒன்று உண்டு. படுக்கையில் கிடப்பவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் நிறையக் கொடுத்துச் சாகவிடுவது. “என்னைய அனுப்பி வச்சிருங்கப்பா” என்று பெரியவர்களே கேட்பதைச் சம்மதம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. படுக்கைப் புண்ணின் வலியும், பாரமாகிவிட்டோமே என்ற கூச்சமும் பேசவைக்கும் பேச்சு அது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும், வீடு தேடி வரும் வலி நிவாரணச் சிகிச்சையும் கிடைத்தால் அந்தப் பேச்சு குறைவதைப் பார்க்கிறோம்.

புகார் என்றாலே பெரியவர்கள் பின்வாங்குவார்கள். பெற்ற பிள்ளையைப் போலீஸ் கச்சேரிக்கு இழுத்தேன் என்ற பேரோடு சாக யாருக்கும் விருப்பமில்லை. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும், காவல் நிலையத்தில் அல்ல. சமரச அலுவலர் வைத்துப் பேசவும் வழி உண்டு. இதைச் சொன்னால் பலருக்குத் தயக்கம் பாதியாகக் குறையும். வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் முகவரியையும் சேர்க்க வேண்டும்; ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் அதையே சாக்காகச் சொல்வார். நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், அதற்குமேல் 30 நாள் நீட்டிக்கலாம். பராமரிப்புத் தொகை மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் ஆலோசனையும் கேட்கலாம்.

பெரிய இழப்பு சொத்துப் பத்திரத்தில்தான் நடக்கிறது. “அன்பினாலும் பாசத்தினாலும்” என்று சொத்தைப் பிள்ளை பேருக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த பிறகுதான் தட்டு தள்ளிவிடப்படுகிறது. பராமரிக்கவில்லை என்றால் பத்திரத்தை ரத்து செய்ய அதே 2007 சட்டத்தின் 23-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் எழுதிக் கொடுத்தார் என்பதை நிரூபிக்க வேண்டும் என 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-இல் இன்னொரு தீர்ப்பு முதியோர் பக்கம் தாராளமாகச் சாய்ந்தது உண்மைதான். இருந்தாலும் வழக்கை நம்பி இருக்க வேண்டாம். உணவு, மருத்துவம், குடியிருப்பு மூன்றையும் பெயர் சொல்லிப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஆயுள் வரை வீட்டில் இருக்கும் உரிமையையும் சேருங்கள்.

பராமரிப்பு உத்தரவு வாங்கியதும் எல்லோரும் கலைந்துவிடுவார்கள். இரண்டு மாதம் பணம் வரும், மூன்றாம் மாதம் நிற்கும். நின்றதைப் பெரியவர் சொல்லமாட்டார். பணம் வர வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனுப் போட்டால்தான் வசூலுக்கு வாரண்ட் கிடைக்கும். ஆகவே தொகை வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும் என்று உத்தரவிலேயே கேட்டு வாங்கி, மாதா மாதம் பாஸ்புக்கில் வரவு பதியவைத்துப் பார்க்க ஊரில் ஒருவரை அன்றே நியமித்துவிட்டு வர வேண்டும்.