பனைக்குப் பின்னால் வரும் எல்

போன மாதம் தாவரவியல் சேர் காலமானார். பழைய மாணவர் சங்கச் செயலாளர் தொலைபேசியில் செய்தியைச் சொல்லிவிட்டு, "நினைவு மலருக்கு நீதான் எழுதவேணும், உன்னைத்தானே அண்டைக்கு நிக்க வைச்சவர்" என்றார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் எங்கள் வகுப்பில் யாரும் அதை மறக்கவில்லை.

1986. மூன்றாம் பாடம். சேர் கரும்பலகையில் பனையைக் கீறிவிட்டு, அதன் விஞ்ஞானப் பெயரை எழுத என்னை அழைத்தார். பொராசஸ் பிளபெலிஃபர் என்று எழுதி, அடியில் கோடும் கீறினேன். "கடைசியில ஒரு எழுத்து வரவேணும். எங்கை?" எல் என்று சேர்த்தேன். "அது ஆர்?" எனக்குத் தெரியவில்லை. "பேர் வைச்ச மனிசனைத் தெரியாமல் பேரை எழுதாதை. மணி அடிக்குமட்டும் நில்."

பக்கத்து வகுப்புப் பெடியன்கள் ஜன்னலால் பார்த்தார்கள். அழுகை தொண்டை வரை வந்துவிட்டது. மணி அடித்ததும் சேர் பக்கத்தில் வந்தார். விரலில் இருந்த சோக்குத் தூளை வேட்டியில் படாமல் தட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "கார்ல் லின்னேயஸ். சுவீடனில உப்சாலாப் பல்கலைக்கழகத்தில படிப்பிச்சவர். நீ அங்கை போனால் என்ரை வணக்கத்தையும் சொல்லு."

1994 தையில், முழங்கால் அளவு பனியில், நான் அந்த ஊரில் போய் இறங்கினேன்.

1477இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. நோர்டிக் நாடுகளிலேயே பழையது. வெப்பமானியில் நாம் பார்க்கும் செல்சியஸ் அங்கே வானியல் பேராசிரியர். ஐ.நா. செயலாளர் நாயகமாக இருந்து 1961இல் விமான விபத்தில் இறந்த ஹம்மர்ஷோல்ட், ஆளுநரான தகப்பனோடு குன்றின் மேலிருக்கும் கோட்டையில் வளர்ந்து, அங்கேயே படித்தவர். என் மனதுக்கு நெருக்கமானவர் இரசாயன விஞ்ஞானி அரேனியஸ். 1884இல் அவருடைய கலாநிதி ஆய்வுக்கு உப்சாலாவில் மிகத் தாழ்ந்த தரமே கொடுத்தார்கள். கரைசலில் உப்பு மின்னேற்றமுள்ள துணிக்கைகளாகப் பிரிகிறது என்ற எண்ணம் அந்த ஆய்விலிருந்து வளர்ந்ததுதான். 1903இல் அதற்கே நோபல் பரிசு கிடைத்தது. ஆய்வுகூடத்தில் எதுவும் சரிவராத இரவுகளில் அவரை நினைத்துக்கொள்வேன்.

லின்னேயஸைப் பார்க்க முதல் ஞாயிறே பேராலயத்துக்குப் போனேன். பெரிய சிலையொன்றை எதிர்பார்த்துப் போன எனக்கு, தரையோடு பதித்த கல்தான் கிடைத்தது. 'கார்ல் லின்னேயின் எலும்புகள்' என்று லத்தீனில் வெட்டியிருந்தது. மனைவி வைத்த கல். மகனும் அதற்கடியில்தான் இருக்கிறார். சனம் அதன் மேலாக நடந்து போனது. எனக்குக் கால் வைக்க மனம் வரவில்லை. சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குனிந்து, "எங்கட சேர் வணக்கம் சொல்லச் சொன்னவர்" என்று தமிழிலேயே சொன்னேன்.

பனைக்குப் பெயர் வைத்த அந்த மனிதர் நம் பக்கம் ஒருபோதும் வந்ததில்லை. இலங்கைச் செடிகளைப் பற்றி 1747இல் ஒரு நூலே எழுதினார். அதுவும் பவுல் ஹெர்மன் என்ற மருத்துவர் ஒல்லாந்தர் காலத்தில், 1672 முதல் 1677 வரை, இலங்கையில் சேர்த்து உலர்த்திய செடிகளைப் பார்த்துத்தான். சரி, ஹெர்மனுக்குக் காட்டுவழி காட்டியவர்கள் யார்? இது என்ன செடி என்று சொன்னவர்கள் யார்? அவர்களுக்கு ஓர் எழுத்துக்கூட மிஞ்சவில்லை. சேரிடம் இதைக் கேட்டிருக்கவேண்டும்.

கேட்கத்தான் கடிதம் எழுதத் தொடங்கினேன். லின்னேயஸ் குடும்பத்துக்குப் பெயர் தந்தது லிண்டன் மரம். அதன் இலையொன்றை உறைக்குள் வைத்தேன். 95 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு சேர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் போனது. 1996இல் நம் தமிழ்ப் பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளைக்கு உப்சாலா கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியபோது, இதைச் சேருக்கு எழுதியே ஆகவேண்டும் என்று மறுபடி பேனா எடுத்தேன். அப்புறம் அந்த வருடக் கடைசியில் ஆய்வை இடையில் விட்டேன். வீட்டுக்குக் காசு அனுப்பவேண்டியிருந்தது, தங்கைமார் இருவர். ஸ்டொக்ஹோமில் வேலை கிடைத்தது. பட்டம் இல்லாமல் சேருக்கு என்ன எழுதுவது? 2002இல் போர்நிறுத்தத்தோடு ஊருக்கான பாதை திறந்தபோது அவர் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டார் என்று அறிந்தேன். அப்போதும் எழுதவில்லை. அந்தத் தயக்கத்துக்கு யுத்தத்தைச் சாட்டமுடியாது.

செயலாளர் இன்னொன்றும் சொன்னார். ஊருக்குப் போகும் பழைய மாணவர் யாராவது சுவீடனிலிருந்து வந்தவர் என்றால், சேர் தவறாமல் கேட்பாராம்: "அவன் போய்ச் சொன்னவனோ?"

சொன்னேன் சேர். முதல் ஞாயிறே சொன்னேன். உறை இன்னும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது, முத்திரை ஒட்டியபடி.