தாத்தாவின் விஸ்வநாத்

ஜனவரி 10

எழுபதுகளில் ஆடிய இந்திய பேட்ஸ்மேன் ஜி.ஆர். விஸ்வநாத்துக்கு மேல் ஆளில்லை என்பது அப்பாவின் கட்சி. இரவுச் சாப்பாட்டின்போது என் பையன் கைபேசியை நீட்டினான். "தாத்தா, உங்க விஸ்வநாத் ஆவரேஜ் 41.93. தொண்ணூறுகள்ல ஆடின வினோத் காம்ப்ளிக்கே 54.20 இருக்கு. இதுக்கா இவ்வளவு பேச்சு?" அப்பா ரசத்தைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து போனார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

ஜனவரி 11

மனசு கேட்கவில்லை. மதியம் கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். சராசரி என்பது மொத்த ரன்னை ஆட்டமிழந்த எண்ணிக்கையால் வகுத்தது, அவ்வளவுதான். காம்ப்ளி 17 டெஸ்டில் 1,084 ரன், ஆட்டமிழந்தது 20 முறை. 1993இல் அடுத்தடுத்த டெஸ்டுகளில் அடித்த 224, 227 இரண்டையும் கழித்தால் சராசரி 35.17. விஸ்வநாத்தின் 222, 179 இரண்டையும் கழித்தாலும் 39.71 நிற்கிறது. அப்பாவுக்கே ஜெயம்!

ஜனவரி 12

நேற்று போட்டது கள்ளக்கணக்கு. விஸ்வநாத் ஆட்டமிழந்தது 145 முறை. அதில் இரண்டு போனால் ஒன்றும் ஆகாது, 20இல் இரண்டு போனால் குடியே முழுகும். அதோடு, ஒருவர் நன்றாக ஆடியதை அழித்துவிட்டு அவரை எடைபோடுவது என்ன நியாயம்? காம்ப்ளியின் 54 பொய்யில்லை. ஆனால் 21 இன்னிங்ஸோடு நின்றுபோன எண் அது. 155 இன்னிங்ஸ் ஆடியவரின் எண்ணில் ஃபார்ம் போனது, வயதானது எல்லாம் சேர்ந்தே கிடக்கும்.

அப்பாவின் இன்னொரு அஸ்திரம்: விஸ்வநாத் சதமடித்த டெஸ்டில் இந்தியா தோற்றதே இல்லை. உண்மைதான். 14 சதம், 4 வெற்றி, 10 டிரா. ஆனால் அந்தக் காலத்தில் டிரா சல்லிசாகக் கிடைத்தது. (இதை அவரிடம் சொல்லப் போவதில்லை.)

ஜனவரி 14

பொங்கல். பால் பொங்கியதும் அப்பா தானாகவே ஆரம்பித்தார். 1975 பொங்கல் டெஸ்ட், சேப்பாக்கம். மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன் கொடுத்து 7 விக்கெட். இந்தியா 190க்கு ஆல் அவுட், அதில் பாதிக்கு மேல் விஸ்வநாத்துடையது: 97 நாட் அவுட். மேற்கிந்தியத் தீவுகளும் 192தான் எடுத்தது. கடைசியில் இந்தியா 100 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. ஸ்கொயர் கட் எப்படி என்று காட்ட அப்பா ஒரு கரும்பைக் கையில் எடுத்தார். முழங்கால் வலியெல்லாம் போன இடம் தெரியவில்லை.

விஸ்வநாத் காலத்து கவாஸ்கரின் சராசரி 51.12, ரன் குவிப்பில் அவர்தான் பெரியவர்; அதை மறுக்க மாட்டேன். ஆனால் விஸ்வநாத்தின் இந்த 97, சதப் பட்டியலிலேயே இல்லை. சராசரியிலோ, பந்துவீச்சுக்கு உதவாத செத்த பிட்சில் சும்மா அடித்த 97க்கும் இதற்கும் ஒரே விலை.

"மூணு ரன்தானே தாத்தா, அடிச்சிருக்கலாமே?"

"கடைசி ஆளா எதிர்ல நின்னது சந்திரசேகர்டா."

பையன் தேடிப் பார்த்தான். 58 டெஸ்ட், 242 விக்கெட், 167 ரன்: எடுத்த விக்கெட்டைவிட அடித்த ரன் குறைவு. வாயில் கரும்போடு சிரித்துப் புரையேறிவிட்டது அவனுக்கு.