கம்பெனித் தலைவரிடம் தொடங்கும் அதிகாரம்

ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் ராணுவ அமைப்பைப் பற்றிப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஆள்கணக்கைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஏறத்தாழ பத்துப் பேர் கொண்டது குருப்பே. சில குருப்பேக்கள் சேர்ந்தது பிளட்டூன். அதற்கு மேலே கம்பெனி, பட்டாலியன், பிரிகேட், டிவிஷன் என்று அடுக்கு வளர்கிறது. ஆனால் இந்த எண்ணிக்கை படைவகைக்கேற்ப வெகுவாக மாறுகிறது. ஜெர்மன் ராணுவமான புண்டஸ்வேரில் டாங்கிக் கம்பெனி ஒன்றுக்கு ‘லெப்பர்ட் 2’ ரக டாங்கிகள் 14. அத்தகைய மூன்று கம்பெனிகளின் டாங்கிகளோடு பட்டாலியன் தலைமைக்குரிய இரண்டும் சேர்ந்து ஒரு பட்டாலியனுக்கு 44 ஆகிறது. டாங்கிக்கு நால்வர் என்பதால், ஒரு கம்பெனியில் டாங்கியேறிப் போரிடுபவர்கள் 56 பேர் மட்டுமே.

ஆகவே, எண்ணிக்கையைக் காட்டிலும் யாருக்கு எந்த அதிகாரம் என்பதைப் பார்த்தால்தான் இந்த அமைப்பு தெளிவாகப் புரியும் என்பது என் உறுதியான கருத்து. புண்டஸ்வேரில் பிளட்டூன் தலைவர் கட்டளையிடலாம், தண்டிக்க முடியாது. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் சட்ட அதிகாரம் கம்பெனித் தலைவரிடம்தான் தொடங்குகிறது. அவராலும் கண்டிக்கவும், அபராதம் விதிக்கவும், முகாமைவிட்டு வெளியே செல்லத் தடை போடவும்தான் இயலும். ஒருவரைக் காவலில் அடைப்பதென்றால் பட்டாலியன் தளபதி முடிவெடுக்க வேண்டும். அதற்கும் நீதிபதியின் ஒப்புதல் தேவை. நாஜி ஆட்சியின் அழிவுக்குப் பின் 1955இல் தொடங்கப்பட்ட ஒரு ராணுவத்தில், அதிகாரிக்கும் வீரனுக்கும் நடுவே ஒரு நீதிபதி நிற்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

கம்பெனியின் அன்றாட வாழ்வு இன்னொருவர் கையில் இருக்கிறது. வலது தோளில் மஞ்சள் கயிறு அணிந்த அந்த மூத்த ஃபெல்ட்வேபலை (அதிகாரிகளுக்குக் கீழே, சாதாரண வீரர்களுக்கு மேலே உள்ள பதவி) வீரர்கள் 'ஸ்பீஸ்' என்றும் 'கம்பெனியின் தாய்' என்றும் அழைப்பார்கள். பணிப்பட்டியல், தங்குமிடம், வீரர்களின் சொந்தக் கவலைகள் என எல்லாமே முதலில் அவரிடம்தான் வந்து சேரும். சுவிட்சர்லாந்தில் இத்தகைய பொறுப்பு இருவருக்குப் பகிரப்பட்டுள்ளது: உள்நிர்வாகத்தை ஹவுப்ட்ஃபெல்ட்வைபல் கவனிக்க, உணவையும் கணக்கையும் ஃபூரியர் பார்த்துக்கொள்கிறார்.

சுவிஸ் ராணுவம் 2004ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் ரெஜிமென்ட் (சில பட்டாலியன்கள் சேர்ந்தது), டிவிஷன், கோர் (சில டிவிஷன்கள் சேர்ந்தது) ஆகிய அடுக்குகளையே நீக்கியது; 2018இல் நான்கு பிராந்திய டிவிஷன்கள் மீண்டும் வந்தன. இந்த மாற்றங்களுக்கு நடுவிலும் கம்பெனி நிலைத்து நிற்கிறது. அதன் தளபதி பெரும்பாலும் வேறு தொழில் செய்து வாழும் குடிமகன். சில வார வருடாந்தரப் பயிற்சிக்காகவே சீருடை அணிகிறார். ஆயினும், ஜெர்மன் கம்பெனித் தலைவருக்கு இல்லாத காவல் தண்டனை அதிகாரம் சுவிஸ் சட்டப்படி அவருக்கு உண்டு.